வள்ளம் யார் பெயரில்?

மன்னார்க் கரையில் ஒரு வள்ளம் பிடிபட்டால் வள்ளக்காரர் முதலில் விசாரிப்பது, தவணை எப்போது என்பதைத்தான். பொலிஸ், நீதவான், பிணை, தவணை என்ற ஒழுங்கு எங்கள் சனத்துக்கு நன்றாகப் பழகியது. போர்க்காலம் நீதிமன்ற வாசலை ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால் தவணை குறிக்கப்பட்ட வழக்கில் வள்ளத்தை மீட்பது அவ்வளவு கடினமல்ல. தவணையே இல்லாத வழக்கில்தான் அது சத்தமில்லாமல் கைவிட்டுப் போகும். அதை நான் நெருக்கமாகப் பார்த்தது விடத்தல்தீவுக்காரர் ஒருவருடைய விவகாரத்தில். அவரை இங்கே நானா என்றே சொல்கிறேன். நான் அவரை அப்படித்தான் அழைப்பது.

அது 2020ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. மஞ்சள் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம். இங்கே கடைக்காரர் கைக்குள் மறைத்துக் கொடுத்த சரக்கு பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இரு கரைகளுக்கும் இடையில் விலை அப்படி விலகி நிற்கும்போது கடலில் என்ன நடக்கும் என்பதை அறிய யாரும் பொருளியல் படிக்க வேண்டியதில்லை. நானாவின் ராத்தா மகன், நண்டு வலை எடுக்கப் போவதாகச் சொல்லி மாலையில் வள்ளத்தைக் கொண்டுபோயிருக்கிறான். விடிவதற்குள் வள்ளம் பிடிபட்டுவிட்டது. உள்ளே நண்டு இல்லை, காய்ந்த மஞ்சள் இருந்தது.

நானா என்னிடம் வந்தபோது மூன்றாவது வாரம் முடியப் போகிறது. முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "சேர், பொடியன விட்டுட்டாங்க. வள்ளத்துக்கு எப்ப தவணை?" என்றார். வள்ளம் எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை, சரக்கோடு சேர்த்துச் சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வழக்கு இல்லையென்றால் வள்ளம் தன்பாட்டில் வந்துவிடும் என்று நினைத்துவிட்டார். நியாயமான மனிதர் எவரும் அப்படித்தான் நினைப்பார். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய வள்ளம் வைத்திருக்கும் எவருக்கும் இதைவிட முக்கியமான செய்தி இல்லை. பொலிசார் ஒரு பொருளைக் கைப்பற்றினால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி அதை நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். உரிமையாளர் வந்து கேட்கலாம். பிணைமுறி எழுதிக் கொடுத்துத் தற்காலிகமாக எடுத்துப் போகவும் இடமுண்டு. சுங்கக் கட்டளைச்சட்டம் 1869ஆம் ஆண்டின் பிள்ளை, அதன் போக்கு வேறு. அதன் 154ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கைப்பற்றிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டதோ அவரோ, உரிமையாளரோ, உரிமையாளர் அதிகாரமளித்த ஒருவரோ, எழுத்தில் அறிவித்தல் கொடுத்து உரிமை கோர வேண்டும், அந்தக் கோரிக்கையை நடத்தப் பிணையும் வைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பொருள் அரசுடைமையானதாகவே கொள்ளப்படும். அழைப்பாணை வராது, நீதிமன்றத்தில் பெயர் கூப்பிட மாட்டார்கள். ஒரு மாதம் கழிந்தால் அதுவே தீர்ப்பு.

லொறிக்காரரின் நிலை இதைவிட எவ்வளவோ மேல். 1987ஆம் ஆண்டு இலங்கைச் சட்ட அறிக்கையில் வந்த மானவடு எதிர் சட்டமா அதிபர் வழக்கை இங்கே தொழில் செய்யும் எந்தச் சட்டத்தரணியும் மனப்பாடமாகச் சொல்வார். அனுமதியில்லாமல் மரம் ஏற்றியதற்காக லொறி பிடிபட்டு, குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டு, லொறி அரசுடைமையாக்கப்பட்டது. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டுக் கட்டளைச்சட்டத்தின் அன்றைய எழுத்தைப் பார்த்தால் கேட்க வேண்டும் என்றும் இருக்கவில்லை. அன்றைய பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா அதை ஏற்கவில்லை. வழக்கில் தரப்பினராகவே இல்லாத உரிமையாளரின் சொத்தை, அவர் சொல்வதைக் கேட்காமல் எடுக்க முடியாது என்று தீர்த்தார். பின்னாளில் ஒரு குத்தகை நிறுவனத்தின் வழக்கில், 2010இல், உயர் நீதிமன்றம் அதை இன்னும் நடைமுறைப்படுத்திச் சொன்னது: குற்றத்தைத் தடுக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாகவோ, தனக்குத் தெரியாமல் அது நடந்ததாகவோ உரிமையாளர் காட்டினால் வாகனம் அவருக்கு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது இதுதான் என்று தராசு சாய்ந்தால் போதும்.

ஆகவே நானாவின் வள்ளம் காட்டுமரம் ஏற்றிப் பிடிபட்டிருந்தால் அவரைக் கேட்காமல் எதுவும் நடந்திருக்காது. மஞ்சள் ஏற்றியதால் அவர்தான் ஓடிப்போய்த் தன்னைக் கேட்கும்படி சொல்ல வேண்டியவரானார், அதுவும் மிஞ்சியிருந்த சில நாட்களுக்குள். மனிதர் ஒருவர், வள்ளம் ஒன்று, நம்பிக்கெட்டதும் ஒரே மருமகனைத்தான்; ஆனால் எந்தத் திணைக்களத்தின் புத்தகத்தில் கைப்பற்றல் பதியப்பட்டது என்பதைப் பொறுத்து அவருடைய உரிமை சுருங்கியும் விரிந்தும் போனது. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். கடத்தல்காரன் கரையில் நிற்க மாட்டான், காலக்கெடு இல்லாவிட்டால் கைப்பற்றிய சரக்கு ஆண்டுக்கணக்கில் தேங்கும் என்பார்கள். அது சரக்குக்குப் பொருந்தும் வாதம். ஒரு குடும்பத்தின் உழைப்புக் கருவிக்கு ஏன் பொருந்த வேண்டும் என்று கேட்டால் பதில் தடுமாறும்.

"சரி நானா, பதிவுப் பத்திரத்தைத் தாருங்கள்" என்றேன். சிவப்புப் பொலித்தீன் பையிலிருந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். பதிவுச் சான்றிதழின் மங்கிய நகல். எஞ்சின் வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்புப் புத்தகம். அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த அரைத் தாள் ஒன்று. சான்றிதழில் இருந்த பெயர் நானாவுடையது அல்ல. மாவட்டமும் மன்னார் அல்ல, புத்தளம்.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, நான் சுருக்கிச் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது விடத்தல்தீவு முஸ்லிம்களும் போனார்கள். நானா அப்போது வாலிபர். கற்பிட்டியில் பிறர் வள்ளத்தில் பங்குக்குப் போய், கூலியாளாக இருந்து, கடைசியில் ஒரு பழைய பைபர் வள்ளத்தைத் தனக்கென்று வாங்கினார். விற்றவர் அந்த ஊர்க்காரர். காசு கைமாறியது, நாலு பெரியவர்கள் முன்னால் அரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். போர் முடிந்து ஊர் திரும்பியபோது வள்ளமும் கூடவே வந்தது. பதிவு மட்டும் புத்தளத்தில் நின்றுவிட்டது. உரிமை மாற்றத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் கடற்றொழில் திணைக்களத்துக்கு முன்னால் போக வேண்டும். மாவட்டமும் மாறுவதால் வேலை இரட்டிப்பு. வில்பத்து ஊடாகப் போகும் பழைய பாதை மூடிக் கிடப்பதால் மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு மதவாச்சி, அனுராதபுரம் சுற்றித்தான் போக வேண்டும். மீன்படும் காலத்தில் யார் போவார்? படாத காலத்தில் பஸ் காசுக்கு எங்கே போவது? இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் வள்ளங்களில் எத்தனை இன்னும் இப்படி வேறொருவர் பெயரில் ஓடுகின்றன என்பதை அந்தந்தக் கரைக்காரர்கள் அறிவார்கள். நிலத்தில் வாகனத்தை 'ஓப்பன் பேப்பரில்' ஓட்டும் வழக்கத்தின் கடல் வடிவம்தான் இது.

பதிவென்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள், வள்ளத்தின் முன்பக்க இலக்கத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள். ஓ.எப்.ஆர்.பி. என்று தொடங்குவது வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளம் என்பதைச் சொல்லும். கடைசி எழுத்துகள் எந்த மாவட்டம் என்பதைச் சொல்லும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்கீழ் இந்தப் பதிவும், தொழில் செய்வதற்கான அனுமதிப்பத்திரமும் வேறு வேறு. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாகாது. கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வெளிநாட்டுக்காரரை ஏற்றிப் போவதும் பெரும்பாலும் இதே சாதி வள்ளம்தான். பொழுதுபோக்குக்காக எஞ்சின் படகு வாங்கி விடுமுறையில் ஓட்டுகிற கொழும்புக்காரருக்கும், நண்டு வலைக்காரருக்கும் கடலில் ஒரே நிலைமை: தடுத்து நிறுத்தும் அதிகாரி முகத்தைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைப் பார்க்கிறார், அந்த இலக்கம் யாரைச் சுட்டுகிறதோ அவரைத் தேடுகிறார்.

இங்கே அது கற்பிட்டிக்காரரைச் சுட்டியது. தொலைபேசியில் பேசினேன். நல்ல மனிதர், ஆனால் நடுங்கிப்போயிருந்தார். அவருடைய பயத்தில் முழுத் தர்க்கம் இருந்தது. "வள்ளம் என்னுடையது" என்று உரிமை கோரினால் மஞ்சள் கடத்தலுக்கும் அவர் பதில் சொல்ல நேரலாம். "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்று சொன்னால், பதிவிலுள்ள வள்ளத்தை அறிவிக்காமல் கைமாற்றியதைத் தன் வாயால் ஒப்புக்கொண்டவராவார். மறுபக்கம் நானாவுக்கோ, தான் உரிமையாளர் என்று அறிவித்தல் கொடுக்க அரைத் தாளைத் தவிர எதுவும் இல்லை; பதிவேடு அதற்கு எதிராகப் பேசும். வள்ளத்தை ஓட்டிப்போன மருமகன் உரிமை கோரலாம் என்று பிரிவு சொல்கிறது. சரக்கோடு பிடிபட்டவனை வைத்து அப்பாவித்தனத்தை வாதாட எந்தச் சட்டத்தரணிக்கும் துணிவு வராது.

மிஞ்சியது பிரிவின் மூன்றாவது வாசல்: உரிமையாளர் அதிகாரமளித்த ஒருவர். கற்பிட்டிக்காரர் சத்தியக்கடதாசி ஒன்றைச் சமாதான நீதவான் முன் முடித்துக் கொடுக்க வேண்டும், அதில் நானாவுக்கு அதிகாரம் அளிக்க வேண்டும், ஆனால் தனக்கு எதிராக எதையும் சொல்லக்கூடாது; பொய்யும் சொல்லக்கூடாது. அந்தக் கடதாசியின் ஒரு வரியை நான் எத்தனை தடவை மாற்றி எழுதினேன் என்று தெரியாது. கடைசியில் நின்றது இது: "என் பெயரில் பதிவில் உள்ளதும், பல வருடங்களாக மேற்படி நபரின் அனுபவத்திலும் பராமரிப்பிலும் இருந்து வருவதுமான வள்ளம்." அனுபவம் எப்படி வந்தது என்று கேட்டால் அரைத் தாள் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கெடுவுக்குள் அறிவித்தல் போய்ச் சேர்ந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் பிணைக்கு முன்வந்தார். கொரோனாவால் அலுவலகங்கள் பாதி ஆட்களோடு இயங்கிய நாட்கள் அவை. சட்டத்தில் சொன்ன காலத்துக்குள் ஒரு காரியத்தைச் செய்ய முடியாமற் போனவர்களுக்கு நிவாரணம் தரும் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2021ஆம் ஆண்டில்தான் வந்தது. இப்படியொன்று வரும் என்று 2020இல் யாருக்குத் தெரியும்?

விசாரணையில் நான் எதிர்பாராத சாட்சி ஒன்று கைகொடுத்தது. பங்குத் தொழிலில் கணக்கில்லாமல் ஒரு நாளும் ஓடாது: வள்ளத்துக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பிரிக்க வேண்டும், எண்ணெய்க் காசை முதலில் கழிக்க வேண்டும். நானா வாடியில் ஒரு கொப்பி வைத்திருந்தார். யார் போனது, என்ன வலை, எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய், என்ன பட்டது என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, மீன் செதில் ஒட்டிய பக்கங்களில். குறித்த நாளுக்கு எதிரே மருமகன் பெயர், நண்டு வலை, பத்து லீற்றர். பிடிபட்ட வள்ளத்திலோ பல கான்கள் இருந்தன. 1974 உடன்படிக்கை வகுத்த கடல் எல்லைவரை போய்த் திரும்பப் பத்து லீற்றர் காணாது. கரையோரம் நண்டு வலை பார்க்க அது போதும். மிச்ச எண்ணெயை மருமகன் எங்கிருந்து வாங்கினான் என்பது வேறு கதை. தாய்மாமன் கொடுத்தது எதற்கு என்பதுதான் இங்கே கேள்வி, அதற்கு விடை சம்பவம் நடக்கும் முன்பே நீல மையில் எழுதப்பட்டிருந்தது. மானவடு வழக்கு சுங்கத்தைக் கட்டாது என்று தெரிந்தும் நான் அதை வாசித்துக் காட்டினேன். கட்டாத தீர்ப்பும் சில வேளை கேட்பவரின் மனத்தைத் தொடும். தண்டத்தைத் தணிக்கும் அதிகாரம் பணிப்பாளர் நாயகத்துக்குச் சட்டத்தில் உண்டு; அந்த வழியாகத்தான், ஒரு தொகை கட்டிய பிறகு, வள்ளம் திரும்பியது. அதை வெற்றி என்று சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. குற்றம் செய்யாதவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர் குறைந்த தண்டம் கட்டினார், அவ்வளவுதான்.

வள்ளத்தை எடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். நிமிர்த்தியபடி வெயிலில் கிடந்தது. மாரி மழை முழுவதும் உள்ளே நின்று வற்றியிருந்தது. தண்ணீர்ப் பாரத்தில் அடிப்பலகையோரம் விரிசல். பின்பக்க ஓட்டையின் அடைப்பை யாராவது கழற்றி விட்டிருந்தால் மழைநீர் ஓடிப்போயிருக்கும். ஆனால் அது எவருடைய வேலைப் பட்டியலிலும் இல்லாத காரியம். எஞ்சின் அதைவிட மோசம். உப்புத் தண்ணீரில் ஓடி நின்றபடியே, நல்ல தண்ணீரால் கழுவாமல், மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. நானா கயிற்றைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் துருவும் வெள்ளை உப்பும். "மிசின் மௌத்தாப் போச்சு சேர்" என்றார், கோபமில்லாமல்.

அதன் பிறகு வள்ளம் பிடிபட்டவர்கள் என்னிடம் வந்தால், அறிவித்தலோடு ஒரு கடிதமும் சேர்த்தே எழுதுகிறேன்: அடைப்பைக் கழற்றிவிடவும், எஞ்சினைக் கழுவி, காபரேட்டரில் நிற்கும் எண்ணெயை வடித்து, பிளக் ஓட்டைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, மூடி வைக்கவும் உரிமையாளரை அனுமதிக்குமாறு. பிடிபட்ட நேரத்திலேயே வள்ளம் கிடக்கும் நிலையை, இலக்கம் தெரிய, எஞ்சினின் தொடர் இலக்கத் தகடு தெரியக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். தகடு உப்பில் அரித்து உதிர முதலே அந்த இலக்கத்தை எழுதி வீட்டில் வைத்திருப்பது இன்னும் நல்லது; பற்றுச்சீட்டில் உள்ள இலக்கமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வள்ளத்தை இன்னொருவரிடம் கொடுக்கும்போது, அது சொந்த மருமகனாக இருந்தாலும், ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு யாராவது "நீ என்ன முன்னெச்சரிக்கை எடுத்தாய்?" என்று கேட்டால் காட்டுவதற்கு வேறு எதுவும் இருக்காது. எல்லாவற்றிலும் முதலாவது, எந்தச் சட்டத்தின்கீழ் பிடித்தார்கள் என்று அன்றைக்கே கேட்டறிந்து எழுதிக்கொள்வது.

ஏனென்றால் விடத்தல்தீவுக் கடலில் இப்போது சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. 2016இல் இந்தக் கரையோரத்தில் 29,180 ஹெக்டேயர், கண்டல் காடும் ஆழம் குறைந்த கடலுமாக, இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்குள் நடப்பதற்கு வனவிலங்குச் சட்டம் பொறுப்பு. 2017இன் திருத்தச் சட்டம் அடித்தள இழுவை வலையைத் தடைசெய்து, இரண்டு வருடம்வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபா தண்டமும் வைத்தது. அது கடற்றொழில் சட்டம். எல்லைக்கப்பாலிருந்து எது ஏறினாலும் சுங்கம். 2024 மே மாதத்தில் ஒதுக்கத்தின் ஒரு துண்டை, 168 ஹெக்டேயரை, நீருயிரின வளர்ப்புக்காக விடுவித்து வர்த்தமானி வந்தபோது சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றம்வரை போயின. கரையில் நின்று வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிந்ததெல்லாம், கோடு மறுபடியும் நகர்கிறது என்பது. தண்ணீருக்குமேல் கோடு தெரியாது. எந்தக் கோட்டுக்குள் நின்றோம் என்பது பிடிபட்ட பிறகுதான் தாளில் தெரியவரும்.

நானாவின் பதிவு கடைசியில் மாறியது. கற்பிட்டிக்காரரே பஸ் ஏறி வந்தார். தன் பெயர் அந்த இலக்கத்திலிருந்து கழன்றுபோவதில் வாங்கியவரைவிட விற்றவருக்குத்தான் அவசரம். வேலை ஒரு வெயில் நேரத்துக்குள் முடிந்தது. வள்ளத்து விரிசலுக்குப் பைபர் ஒட்டி, மன்னார் எழுத்துகளோடு புது இலக்கம் எழுதினார்கள். எஞ்சினை மீட்க முடியவில்லை. புதிதாக ஒன்று தவணைக் கடனில் எடுத்திருக்கிறார். வயது காரணமாகக் கடன் அவர் பெயரில் கிடைக்கவில்லையாம், பற்றுச்சீட்டை மருமகன் பெயரில் போட்டிருக்கிறார்கள். எந்த மருமகன் என்று நான் கேட்டபோது, "அவன்தான் சேர். இப்ப நல்லா இருக்கான்" என்றார். அந்தப் பற்றுச்சீட்டைக் கொண்டு வாருங்கள், ஒரு உடன்படிக்கை எழுதி வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். மீன்படும் காலம் முடியட்டும் என்கிறார்.